சூஸ்தாலுக்கு வேவு பார்க்கப் போன உரைகல் மாமா

சூரியன் கிழக்கேதான் உதிக்கிறதா என்று நேரில் எழுந்து போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்ட மனிதர் யாங்கோன் நகரத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில் இருக்கிறார். "காலண்டர்ல போட்டிருக்கான், சரி. போட்டவன் யாரு, அவனுக்கு என்ன லாபம்?" என்று கேட்பார்.

அவர்தான் உரைகல் மாமா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. கேட்டால் "எதுக்குக் கேக்குற?" என்பார். நகைக்கடைகளுக்குத் தங்கத்தை உரைத்துப் பார்த்துச் சொல்வது அவர் தொழில். நாள் முழுக்கப் போலியைக் கண்டுபிடித்துவிட்டு வருகிறவருக்கு, வீடு திரும்பும் வழியில் மரம், மட்டை, மனிதன் எல்லாமே முலாம் பூசியதாகத் தெரியும் போலிருக்கிறது.

முக்குக் கடையில் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கும் மா ட்வே ஒருநாள் அன்பாகச் சிரித்து, மீன் குழம்பின் மேல் ஒரு சுரைக்காய் பஜ்ஜியைக் கூடுதலாகப் பிய்த்துப் போட்டுவிட்டாள். மாமா அதைத் தொடவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார். "சும்மா போடுறாள்னா அது நேத்துச் சுட்டதா இருக்கணும். இல்ல, என்கிட்ட ஏதோ சாட்சி கையெழுத்து வாங்கப் போறா." மா ட்வே பாவம், மனசு கேட்காமல் என்னிடம் வந்து, "ஊலேவுக்கு என் மேல என்ன கோபம்?" என்று கண் கலங்கினாள். மாமாவைப் பர்மிய முறையில் 'ஊலே' என்றுதான் கூப்பிடுவாள்.

கரண்ட் கட்டாகிக் கிடந்து திடீரென்று வந்தால் தெருவே கை தட்டும். குழந்தைகள் குதிப்பார்கள், பெண்கள் அரிசி குக்கரைப் போட ஓடுவார்கள். மாமா மட்டும் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாசலில் வந்து நிற்பார். "இவ்வளவு சீக்கிரம் ஏன் விட்டான்?" என்று மின்கம்பியை முறைப்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், செல்வி. தாயில்லாப் பெண். கட்டடக் கலை படிக்க மாஸ்கோவுக்குப் போனாள். போகும்போதே மாமா, அந்தப் பல்கலைக்கழகம் உண்மையில் இருக்கிறதா என்று அங்கே படித்துவிட்டு வந்த ஐந்தாறு பேரைத் தனித்தனியாக விசாரித்துவிட்டுத்தான் அனுப்பினார். அவள் படிப்பை முடித்து அங்கேயே வேலையும் தேடிக்கொண்டாள். பழைய தேவாலயங்களை அளந்து படம் போடும் வேலை. அந்த வேலையாக சூஸ்தால் என்ற சின்ன ஊருக்குப் போனவள், அங்கே பழைய கோயில்களின் மரக்கூரைகளைச் செப்பனிடும் ஒரு தச்சனைப் பிடித்துப் போய்விட்டதென்று ஒருநாள் போனில் சொல்லிவிட்டாள்.

மாமா அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கப்பல் சரக்கு ஆபீசில் வேலை பார்ப்பவன், கொஞ்சம் எழுதுகிறவன். அதனால் வெளிநாட்டு விவகாரம் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"சேகரு, பையன் பேரு கோல்யாவாம்."

"நல்ல பேருதான் மாமா."

"என்ன நல்ல பேரு? நம்ம ஊரு ஆம்பளைங்களுக்கு மரியாதையாப் போடுற 'கோ'வை அவன் எதுக்குடா முன்னாடி ஒட்டிக்கிட்டான்? நம்மள மயக்கப் பாக்குறான்."

அது அந்த ஊர்ப் பெயர்தான் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆனால் அடுத்து அவர் சொன்னதில் விளையாட்டு இல்லை. செல்வி அப்பாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். "நீங்க வந்து பாருங்கப்பா. பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா, ஒரு வார்த்தை பேச மாட்டேன். பெட்டியக் கட்டிக்கிட்டு உங்களோடயே யாங்கோன் வந்துருவேன்." அவள் சொன்னால் செய்கிறவள். அது மாமாவுக்கும் தெரியும். ஒரே ஒரு 'வேண்டாம்' போதும், மகள் திரும்பி வந்துவிடுவாள்.

"போய்ட்டு வாங்க மாமா, வீட்டுச் சாவியை என்கிட்ட குடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாவி உன்கிட்ட இருக்கும். நீ இங்கன இருப்ப. நான் அங்கன போய் எப்படித் தூங்குவேன்? நீயும் கெளம்பு."

இப்படித்தான் நான் ரஷ்யாவுக்குப் போனேன். என் மேல் நம்பிக்கை இல்லாததால் ஒருவர் டிக்கெட் எடுத்துக் கொடுத்து என்னைக் கூடவே கூட்டிக்கொண்டு போனது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மாஸ்கோவில் செல்வி எங்களைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சூஸ்தாலுக்குப் போய்ப் பையன் வீட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை அவளுக்கு வேலை இருந்தது. அவள் போய்க் கதவு சாத்தியதும் மாமா குரங்குக் குல்லாவை மாட்டினார்.

"கெளம்பு. சூஸ்தாலுக்கு."

"நாளைக்குத்தானே மாமா போறோம்?"

"சொல்லிட்டுப் போனா எல்லாரும் நல்லவங்களாத்தான் இருப்பாங்க. சொல்லாம ஒரு தடவ போயிப் பாக்கணும். சாயங்காலம் அவ வர்றதுக்குள்ள வந்துரலாம்."

ரயிலேறி விளாதிமிர் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் சூஸ்தால். ஐப்பசி மாதக் கடைசி. வழியெல்லாம் மரங்கள் இலையுதிர்ந்து நின்றன, வயல்களில் லேசாகப் பனி. பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மாமா முதல்முறையாக நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா, யாரும் சிரிக்கல. சிரிச்சுப் பேசுறவனத்தான் நான் நம்ப மாட்டேன்."

ஊரைப் பார்த்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. எங்கே திரும்பினாலும் கோயில். வெள்ளைச் சுவர், வெங்காயம் போன்ற கூம்பு, அதன் உச்சியில் சிலுவை. ஒரு சின்ன ஆறு, அதன் இக்கரையில் நாலு கோயில், அக்கரையில் நாலு கோயில். நடுவில் செதுக்கு வேலை செய்த ஜன்னல்களோடு மர வீடுகள்.

"ஆள் கொஞ்சம், கோயில் நிறைய. கும்பிடறதுக்கு யாரு இருக்கா? இவ்வளவு கோயில் கட்டுற அளவுக்கு இந்த ஊருல என்ன பாவம் நடந்துச்சு?"

பெரிய கோயிலின் கூம்புகள் நீலத்தில் இருந்தன, அதன் மேல் தங்க நட்சத்திரங்கள். எனக்கு அழகாகப் பட்டது. முழுக்கத் தங்கம் போர்த்திய ஷ்வேடகோன் புத்தர் கோயிலைப் பார்த்தே வளர்ந்த மாமா உதட்டைப் பிதுக்கினார். "முழுசாப் போடத் தங்கம் பத்தல. நட்சத்திரம் மட்டும் வெச்சு, மிச்சத்துக்கு நீலப் பெயிண்ட் அடிச்சுட்டான்."

போனில் ஊர் வரலாற்றைப் படித்துக் காட்டும்படி சொன்னார். அங்கேதான் நான் தப்பு செய்தேன். கோட்டை போலச் சுவர் எழுப்பிய ஒரு மடத்தின் முன்னால் நின்று, "இங்க ஒரு காலத்துல ஜெயிலும் இருந்துச்சாம்" என்று படித்துவிட்டேன். மாமா குதித்தார். "நான் அப்பவே நெனச்சேன்! சாமியாருக்கு எதுக்குடா கோட்டைச் சுவரு? நம்ம ஊரு புத்தர் கோயிலு, பயாவுக்கு இப்படிச் சுவர் பாத்திருக்கியா?" அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிந்த கன்னிமாடத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். அந்தக் காலத்து ராஜாக்கள் தங்களுக்கு வேண்டாத மனைவிகளைக் கொண்டுவந்து அடைத்து வைத்த மடமாம் என்று வாய் தவறிப் படித்துவிட்டேன்.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாத பொண்டாட்டியக் கொண்டாந்து தள்ளுறதுக்குன்னே இடம் கட்டி வெச்சிருக்கிற ஊரு. இங்கனதான் என் பொண்ணு வாழ்க்கைப்படப் போறாளா?"

"அதெல்லாம் ராஜா காலத்துல மாமா."

"கட்டடம் இன்னும் நிக்குதுல்ல?"

அதற்குப் பதில் சொல்லப் போனைப் பார்த்தேன். குளிரில் அது செத்துப் போயிருந்தது. அதன் பிறகு அந்த ஊரில் எங்களுக்கு வாய் இல்லை, காதும் இல்லை.

கொஞ்ச தூரத்தில் இரண்டு கோயில்கள் அக்கா தங்கை போலப் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. குளிர்காலத்துக்குக் கணப்பு வைத்த சின்னக் கோயில், கோடைக்குக் கணப்பில்லாத பெரிய கோயில். இது அந்த ஊர் வழக்கம் என்று முன்பே படித்திருந்தேன். சின்னதன் கதவைத் திறந்தபோது இதமான சூடு முகத்தில் அடித்தது. மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சூடு காட்டிக் கூப்பிடுறான்னா உள்ள என்னமோ இருக்கு. பெருசுக்குப் போவோம்."

அங்கேதான் நாங்கள், எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தோம். பயாவுக்குள் செருப்பு மட்டுமல்ல, சாக்ஸும் கூடாது என்பது நடை பழகும்போதே எங்கள் காலில் ஏறிவிட்ட பழக்கம். மாரியம்மன் கோயிலும் அப்படித்தான். எங்கள் கைகள் தாமாகவே பூட்ஸைக் கழற்றின, சாக்ஸைக் கழற்றின. மாமா நாலையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கல் தளத்தில் கால் வைத்ததும் உயிர் உச்சந்தலைக்கு ஏறியது.

"அமலே!" என்று பர்மிய மொழியில் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்திவிட்டேன்.

"சத்தம் போடாத. கோயிலு."

உள்ளே தலையில் துணி கட்டிய மூன்று பெண்கள் விளக்குத் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கால்களைப் பார்த்தார்கள். துடைப்பது நின்றது. ஒருத்தி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். மாமா அவர்களைக் கண்டுகொள்ளாமல், மஞ்சள் பிடித்த பழைய சாமி படத்தின் முன்னால் போய், பையை என்னிடம் தந்துவிட்டுக் கண்ணை மூடிக் கை கூப்பினார். வெகு நேரம் நின்றார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்குக் கால் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை.

மூவரில் பருமனாக இருந்த அம்மாள் பக்கத்தில் வந்து, தன் தலையைத் தொட்டுக் காட்டி ஏதோ மெல்லச் சொன்னாள். திரும்பத் திரும்பத் தலையைக் காட்டினாள்.

"என்ன மாமா சொல்றாங்க?"

"தலையக் காட்டுறா. தலைக்கு ஏதோ உலை வெக்கிறா. பைய கெட்டியாப் பிடி."

அந்த ஊரில் ஆண்கள் கோயிலுக்குள் தொப்பி போடக்கூடாது என்பதும், மாமா குரங்குக் குல்லாவோடு நிற்கிறார் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. கழற்ற வேண்டியதைக் கழற்றாமல், வேண்டாததைக் கழற்றிவிட்டு நின்றோம். குல்லாவை நானே உருவினேன். அந்த அம்மாள் தலையசைத்துவிட்டு வேகமாக வெளியே போனாள்.

"போலீசக் கூப்பிடப் போறா" என்றார் மாமா.

அவள் கம்பளிச் சாக்ஸ்களோடு திரும்பி வந்தாள். மாமாவைத் தோளைப் பிடித்து அழுத்திப் பெஞ்சில் உட்கார வைத்தாள். தரையில் முழங்காலிட்டாள். அவர் பாதத்தை இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, திட்டித் தீர்த்துக்கொண்டே சாக்ஸை மாட்டிவிட்டாள். மாமா விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். எங்களில் அவ்வளவு வயதான பெண்மணி ஓர் அந்நிய ஆணின் காலைத் தொடுவது நடக்கிற காரியமே இல்லை. மாமி போன பிறகு அந்தக் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இருந்ததில்லை. எனக்கும் ஒரு ஜோடி கிடைத்தது. ஆனால் நானேதான் மாட்டிக்கொண்டேன்.

மாமா சட்டைப் பையில் கைவிட்டுப் பணத்தை நீட்டினார். அவள் அவர் கையில் சுளீரென்று ஓர் அடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகும்போது ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, மாமா கும்பிட்ட அதே படத்தின் முன்னால் வைத்தாள்.

பஸ் ஏறியதும் மாமா சொன்னார். "காசு வாங்கல பாத்தியா? சின்னதா ஏதாவது வேணும்னா காசு வாங்கியிருப்பா. இவ பெருசா என்னமோ கேக்கப் போறா."

"யாருன்னே தெரியாத அம்மா, இனி எங்க மாமா நம்மளப் பாக்கப் போறாங்க?"

"நீ சின்னப் பய. உனக்குத் தெரியாது."

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.

மறுநாள் செல்வியோடு அதே ரயில், அதே பஸ். மாமா நடித்தார் பாருங்கள், சினிமாக்காரர்கள் தோற்றுப் போவார்கள். "அடேயப்பா! இதுதான் அந்த ஊரா! எவ்வளவு கோயிலு! சேகரு, நாம இப்படிப் பாத்ததே இல்லையே!" ஆனால் முச்சந்தி வந்ததும், செல்வி சொல்வதற்கு முன்பே, நேற்று நடந்த பழக்கத்தில் வலது பக்கம் திரும்பிவிட்டார். அவர் பெற்ற பெண் அல்லவா, சட்டென்று நின்று அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பூட்ஸுக்கு மேலே தெரிந்த கம்பளியைக் காட்டி, "இந்தச் சாக்ஸ் ஏதுப்பா?" என்றாள். "வாங்குனேன்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

செதுக்கிய ஜன்னல் வைத்த மர வீட்டின் கதவை நெட்டையாய் ஒரு பையன் திறந்தான். சிரிக்கவில்லை. மாமாவுக்கு அதுவரை பரவாயில்லை. வாசலிலேயே நாங்கள் பூட்ஸைக் கழற்றினோம். அந்த ஊரில் வீட்டுக்குள் அதுதான் மரியாதையாம். பையனின் பின்னால் அவன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து மாமாவின் கால்களைப் பார்த்தாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் வீடே அதிரக் கூவினாள்.

நேற்றைய பருமனான அம்மாள்தான். வேரா என்று பெயர்.

"அப்பா, இவங்களை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் செல்வி.

"தெரியாது" என்றார் மாமா. "தெரியும்" என்றேன் நான். இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன.

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. செல்வி ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். மாமா என் காதில், "பாத்தியா, பெருசா கேக்கப் போறான்னு சொன்னேனா இல்லையா? என் பொண்ணையே கேக்குறா" என்றார். அவர் சொன்னது அப்படியே பலித்துவிட்டது.

மேஜையில் பீட்ரூட் போட்ட சிவப்பு சூப் வந்தது. மாமா கரண்டியை எடுக்கவில்லை, அவள் முதலில் சாப்பிடட்டும் என்று பார்த்தார். அவளும் கரண்டியைத் தொடாமல் அவரையே பார்த்தாள். சூப் ஆறியது. கோல்யா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் பங்கை மட்டும் குடித்து முடித்தான்.

வேரா கேள்விகளை ஆரம்பித்தாள். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் மாமாவுக்குச் சரியான ஜோடி. யாங்கோனில் பாம்பு உண்டா? வீடு சொந்தமா? கடைசியாக, குரல் தணிந்து ஒன்று கேட்டாள். செல்வி தயங்கித்தான் சொன்னாள். "கல்யாணம் ஆனதும் அவங்க பையனை நம்ம ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்களான்னு கேக்கறாங்கப்பா. அவங்களுக்கும் இவர் ஒருத்தர்தான்."

மாமா திகைத்துவிட்டார். "நான் கேக்க வேண்டியத இவ கேக்குறா."

வேரா மேலும் ஏதோ சொன்னாள். செல்வியின் முகம் மாறியது. "நேத்து நீங்க அந்தக் குளிர்ல வெறுங்காலோட நின்னீங்களாம். பெரிய வேண்டுதல் போலருக்கு, வீட்டுல யாருக்கோ உடம்பு முடியலன்னு நெனச்சாங்களாம். நீங்க கேட்டது கிடைக்கணும்னு அவங்களும் மெழுகுவத்தி ஏத்திக் கும்பிட்டாங்களாம். கிடைச்சுதான்னு கேக்கறாங்க." பிறகு அவளாகவே கேட்டாள். "என்னப்பா வேண்டுனீங்க?"

மாமா எல்லோரையும் சந்தேகப்படுவாரே தவிர, மகளிடம் பொய் சொல்லத் தெரியாது. 'வாங்குனேன்' என்ற ஒரு வார்த்தைக்கே காது சிவந்திருந்தது. ஆறிய சூப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இந்தக் கல்யாணம் நின்னு போகணும்னு."

செல்வியின் கண் நிறைந்துவிட்டது. அவள் மொழிபெயர்க்கவில்லை. கோல்யா அவள் தோளைத் தொட்டு ஏதோ கேட்டான். அவள் ஒரு மூச்சு விட்டு, ரஷ்ய மொழியில் சொல்லிவிட்டாள். நான் பூட்ஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அடி விழுந்தால் ஓட வேண்டும்.

வேரா வாயைப் பொத்தினாள். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது, மேஜை குலுங்கியது, சூப் சிந்தியது. சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"அவங்களும் கோடையிலேருந்து தினமும் அதேதான் வேண்டிக்கிட்டு இருந்தாங்களாம்."

மாமா அவளைப் பார்த்தார். அவள் மாமாவைப் பார்த்தாள். தங்கத்தைக் கல்லில் இழுத்துவிட்டு நிறத்தைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு கரண்டியை எடுத்து ஆறிப்போன சூப்பை அவளுக்கு முன்பே குடிக்க ஆரம்பித்தார். பாதி குடித்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு பேரு, ரெண்டு பக்கமும் நின்னு உடைக்கப் பாத்தும் உடையல. அப்ப இது அசல்தான். எனக்குச் சம்மதம்னு சொல்லு."

செல்வி சொல்ல முயன்று முடியாமல் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வேராவுக்கு மொழி தேவைப்படவில்லை. எழுந்து போய் மிச்சச் சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள்.

கிளம்பும்போது வாசலில் மாமா நின்றார். வேராவிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். என்ன பெரிய நிபந்தனை போடப் போகிறாரோ என்று நான் பயந்தேன்.

"ராத்திரி படுக்குறப்போ என் பொண்ணு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாளான்னு ஒரு தடவ தள்ளிப் பாத்துக்கச் சொல்லு. சின்ன வயசுலேருந்து மறந்துருவா. நான்தான் பாப்பேன்."

செல்வி அதை மொழிபெயர்த்தாள். வேரா சிரிக்கவில்லை. மாமாவின் கையைப் பிடித்து, இரண்டு தடவை தலையசைத்தாள்.

கல்யாணம் அடுத்த கோடையில் நடந்தது. மாமா போய்விட்டு வந்தார். தின்கன்ஜூனில் இப்போதும் எல்லாம் அப்படியேதான். மா ட்வேயின் பஜ்ஜியை நம்புவதில்லை, வருகிற கரண்டை நம்புவதில்லை. ஒன்று மட்டும் புதிது. தினமும் படுக்கப் போகும் முன் தெருவில் நடந்து வந்து, என் வீட்டுக் கதவை வெளியிலிருந்து ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுப் போகிறார். நான் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். இருந்தாலும் அவர் வந்து தள்ளுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.